இடிக்கும்போது என்ன நடக்கிறது?

உரிக்காத பூண்டுப் பல் ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். மணம் அநேகமாகத் தெரியாது. அதையே அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். அடுத்த நொடியே பூண்டு மணம் மூக்கைத் துளைக்கும். அந்த மணம் இதுவரை எங்கே ஒளிந்திருந்தது?

வாழைக்காயை நறுக்கித் தட்டில் சற்று நேரம் வைத்திருந்தால் கறுத்துவிடுகிறது. நறுக்குவதற்கு முன் அந்தக் கறுப்பு எங்கே இருந்தது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. எங்கும் ஒளிந்திருக்கவில்லை! முழுப் பல்லில் அந்த மணம் கிடையாது. முழுக் காயில் அந்தக் கறுப்பும் கிடையாது. நாம் நசுக்கிய பிறகு, நறுக்கிய பிறகு, அவை புதிதாக உண்டாகின்றன. அம்மியும் உரலும் பொருள்களைப் பொடியாக்கும் கருவிகள் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை வேதிவினைகளைத் தொடங்கி வைக்கும் கருவிகளும் ஆகும்.

இதனை விளக்க மிகப் பொருத்தமான உணவு ஒன்று இத்தாலி நாட்டில் உண்டு. அதன் பெயர் பெஸ்டோ. நம் கொத்தமல்லித் துவையலைப் போன்ற பச்சை விழுது அது. அதனை இடிக்கும் உரலில், இப்படிப்பட்ட வினைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிகழ்கின்றன. வீட்டிலேயே அதனைச் செய்ய விரும்புகிறவர்கள் இவ்வினைகளை அறிந்துகொண்டால் நல்ல நிறமும் மணமும் பெறலாம். ஆபத்து ஒன்றையும் தவிர்க்கலாம்.

ஜெனோவா நகரத்து விழுது

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் லிகூரியா என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் ஜெனோவா, பழம்பெரும் துறைமுகம். பெஸ்டோ இந்நகருக்கு உரிய உணவு. 'இடித்தல்' என்று பொருள்படும் இத்தாலிய வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வெண்ணிறச் சலவைக்கல் உரலும், மரத்தாலான கனத்த குழவியும் இதற்கென உள்ள மரபுக் கருவிகள். 2007-ஆம் ஆண்டு முதல், இக்கருவிகளைக் கொண்டே கையால் இடித்துச் செய்யும் உலகப் போட்டி ஒன்று ஜெனோவாவில் நடத்தப்பட்டு வருகிறது.

சேர்க்கப்படும் பொருள்கள் ஏழு: இலை, பூண்டு, கல்லுப்பு, பைன் மரக் கொட்டை, இருவகைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய். விழுதை அடுப்பில் ஏற்றுவதில்லை. வேகவைத்த கோதுமைச் சேவை போன்ற பாஸ்டாவில் பிசைந்து உண்கிறார்கள்.

இலை எது தெரியுமா? நமக்கு அறிமுகமான திருநீற்றுப்பச்சைதான். தாவரவியலார் அதனை ஓசிமம் பாசிலிக்கம் என்பர். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை இச்செடியின் விதையே. துளசி இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றோர் இனம். ஆயினும் ஒரே இனத்துக்குள்ளும் வகைக்கு வகை மணம் வேறுபடும். ஜெனோவா வகையின் இலையில் லினலூல், யூஜினால் என்னும் பொருள்கள் முதன்மையாக உள்ளன. யூஜினால் என்பது கிராம்புக்கு மணம் தரும் அதே பொருள். லிகூரியாவில் விளையும் இவ்வகைக்கு 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது.

பைன் கொட்டைக்குப் பதிலாக வாதுமைப் பருப்பைச் சேர்ப்பதும் இத்தாலியில் உள்ள பழக்கமே. தெற்கே சிசிலித் தீவில் திராப்பானி என்னும் துறைமுகம் இருக்கிறது. கிழக்கு நாடுகளிலிருந்து திரும்பிய ஜெனோவாக் கப்பல்கள் அங்கே தங்கிச் செல்வது வழக்கம். மாலுமிகள் கொண்டுவந்த பூண்டு விழுதைக் கண்ட ஊரார், தம் நிலத்தில் விளைந்த வாதுமையையும் பின்னர் தக்காளியையும் சேர்த்துத் தமக்கென ஒரு பெஸ்டோவை ஆக்கிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. மேலும், பைன் கொட்டை தரும் மரத்தின் கூம்பு முற்ற ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். உடைத்துப் பருப்பெடுப்பதும் கடினம். அதனால் அதன் விலை மிகுதி. இன்று பல நாடுகளில் வீட்டில் பெஸ்டோ செய்வோர் வாதுமையை நாடுவதற்கு இதுவே காரணம். நாமும் வாதுமைப் பெஸ்டோவையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

அறை அறையாகப் பிரிந்த வீடு

தாவரத்தின் செல் ஒரு வீட்டைப் போன்றது. அதற்குள் மெல்லிய சவ்வுகளால் பிரிக்கப்பட்ட அறைகள் பல. பச்சையம் இருக்கும் பசுங்கணிகம் ஓர் அறை. சாறு நிறைந்த வாக்குவோல் மற்றோர் அறை. ஒரு பொருள் ஓர் அறையில் இருக்கும். அதன்மேல் வினைபுரியவேண்டிய நொதி வேறோர் அறையில், அல்லது அடுத்த செல்லில் இருக்கும். என்சைம் என்று சொல்லப்படும் நொதி ஒரு புரதம். தான் செலவாகாமலே வேதிவினையை விரைவுபடுத்துவது அதன் வேலை.

சுவர் இருக்கும்வரை இருவரும் சந்திப்பதில்லை, வினையும் நிகழ்வதில்லை. புழு கடிக்கும்போதோ கத்தி வெட்டும்போதோ குழவி நசுக்கும்போதோ சுவர் உடைகிறது. அப்போது சந்திப்பு நேர்கிறது. புழுவுக்குப் பிடிக்காத காரமோ, கசப்போ, நஞ்சோ அந்த இடத்திலேயே உண்டாகிறது. செடிக்கு ஓடத் தெரியாது. இது அதன் தற்காப்பு. இந்தக் காப்பு எப்போதும் கூர்மையாக விழித்திருந்தால் செடிக்கே தீங்கு நேரும். எனவேதான் வெடிமருந்தையும் தீக்குச்சியையும் தனித்தனியே வைப்பதுபோல் செடி அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.

பெஸ்டோ உரலில் இத்தகைய சந்திப்புகள் மூன்று நிகழக்கூடும். ஒன்று நமக்கு வேண்டியது. ஒன்று தாமதப்படுத்த வேண்டியது. ஒன்று நடக்கவே கூடாதது.

முதற் சந்திப்பு: பூண்டு

பூண்டில் அல்லியின் என்னும் கந்தகச் சேர்மம் இருக்கிறது. அதற்கு மணம் இல்லை. வேறு செல்களில் அல்லினேஸ் என்னும் நொதி இருக்கிறது. பல் நசுங்கியதும் இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளிலேயே அல்லிசின் என்னும் புதிய பொருள் தோன்றுகிறது. பூண்டின் காரமும் மணமும் இதிலிருந்தும், இது சிதைந்து உண்டாகும் பிற கந்தகச் சேர்மங்களிலிருந்தும் வருபவை. அமெரிக்காவில் கவலிட்டோ, பெய்லி என்ற இருவர் 1944-இல் அல்லிசினைப் பிரித்தெடுத்தனர். சில ஆண்டுகளுக்குப் பின், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டோல், ஸீபெக் ஆகிய இருவரும் அதன் தாய்ப்பொருளான அல்லியினைக் கண்டறிந்தனர்.

எவ்வளவு அதிகமாகச் செல்கள் உடைகின்றனவோ அவ்வளவு அல்லிசின் உண்டாகும். ஆகவே நீளவாக்கில் அரிந்த பூண்டைவிட உப்போடு சேர்த்து மைய இடித்த பூண்டு காரமாக இருக்கிறது. முழுப் பூண்டை வேகவைத்துவிட்டுப் பிறகு நசுக்கினாலோ, காரமே இராது! வெப்பத்தால் நொதி முன்னதாகவே செயலற்றுப் போனதுதான் காரணம். பெஸ்டோவில் பூண்டு வேகாததால் ஒரு சிறு பல்லே நான்கு பேருக்குப் போதும்.

இரண்டாம் சந்திப்பு: இலை

திருநீற்றுப்பச்சை இலையை உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால் அதன் மேற்பரப்பில் பளபளக்கும் சிறுசிறு புள்ளிகள் தெரியும். இவை எண்ணெய்ச் சுரப்பிகள். மணமுள்ள எண்ணெய் இவற்றில் முன்னதாகவே தயாராக நிரம்பியிருக்கிறது. இதற்கு எந்தச் சந்திப்பும் தேவையில்லை. மேலே மூடியிருக்கும் மெல்லிய தோல் கிழிந்தாலே போதும். இலையை விரலால் தடவினாலே மணப்பது இதனால்தான்.

ஆனால் இலையின் உட்பகுதியில் வேறொரு காட்சி. அங்கே வாக்குவோல்களில் ரோஸ்மரினிக் அமிலம் முதலிய பீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. பசுங்கணிகங்களில் பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. செல் உடைந்ததும் இவை இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வந்து சேர்கிறது. பீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பின்னர் ஒன்றோடொன்று பிணைந்து, பழுப்பும் கறுப்புமான நிறமிகளாக மாறுகின்றன. வாழைக்காயும் கத்தரிக்காயும் ஆப்பிளும் கறுப்பதற்கும் இந்த நொதியே பொறுப்பு.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதைக் கவனியுங்கள். மணம் வேண்டுமானால் இலையை நசுக்க வேண்டும். நசுக்கினால் நிறம் கெடும். என்ன செய்வது?

மூன்று பேர் கூடினால்தான் இவ்வினை நடக்கும்: பீனால், நொதி, ஆக்சிஜன். இவர்களில் எவரேனும் ஒருவரைத் தடுத்தாலும் போதும். நம் வீடுகளில் இது வழிவழியாக நடந்து வருவதே. நறுக்கிய வாழைக்காயைத் தண்ணீரில் போடுகிறோம். அது காற்றைத் தடுக்கும் முறை. வாழைப்பூவை அரிந்து மோரில் போடுகிறோம். மோரின் புளிப்பில் நொதி வேகம் குன்றுகிறது. ஜெனோவா மக்கள் கையாளுவது எண்ணெய். இடித்த இலைத் துகளைச் சுற்றி எண்ணெய் ஒரு போர்வையாகப் படிந்து காற்று படுவதைக் குறைக்கிறது. அத்துடன் லினலூலும் யூஜினாலும் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. ஆதலால் மணம் பறந்துவிடாமல் எண்ணெயில் தங்குகிறது.

கல்லுப்புக்கும் பங்குண்டு. அதன் கூர்மையான பரல்கள் அரம்போல் செயற்பட்டு இலையை விரைவில் கிழிக்கின்றன. இடிக்கும் நேரம் குறைகிறது. உப்பிலுள்ள குளோரைடு, நொதியை ஓரளவு மட்டுப்படுத்தவும் செய்கிறது.

மின் அரைப்பானில் அரைத்தால் என்ன? அதன் கத்தி சுழலும் வேகத்தில் விழுது சூடேறுகிறது; காற்றும் நிறையக் கலக்கிறது. இரண்டும் கறுப்பதற்கு உதவுபவை. மிக்ஸிதான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். சாடியையும் எண்ணெயையும் முன்கூட்டிக் குளிர்வித்துக்கொண்டு, விட்டுவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்ட வேண்டும்.

நிறத்தையே பெரிதாகக் கருதுவோர் வேறொரு வழியைக் கைக்கொள்கிறார்கள். இலைகளைக் கொதிநீரில் பத்து நொடி அமிழ்த்தி, உடனே பனிக்கட்டி நீரில் போட்டு, ஈரம் போகத் துடைத்து எடுப்பது அவ்வழி. கொதிநீரில் நொதி செயலிழப்பதால் விழுது நெடுநேரம் பச்சையாகவே இருக்கும். ஆனால் மணத்தில் ஒரு பகுதி போய்விடும். எலுமிச்சைச் சாறு பிழிவதும் நொதியை அடக்கும். எனினும் அமிலம் வேறோர் இழப்பைத் தருகிறது. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அமிலம் அதனை மெல்ல வெளியேற்றிவிடும். அப்போது பச்சை மங்கி ஆலிவ் காயின் நிறம் ஏறும். கடைகளில் கண்ணாடிக் குப்பிகளில் விற்கும் பெஸ்டோ அத்தகைய மங்கல் நிறத்தில் இருப்பதற்கு அமிலமும் வெப்பமுமே காரணம். ஆனால் அவை அங்கே வீணாகச் சேர்க்கப்படவில்லை. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

இலையைப் பற்றி இன்னொரு செய்தி. பறித்த இலையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாளே கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. யாரும் நசுக்கவில்லையே! இச்செடி வெப்ப நாடுகளில் தோன்றியது. ஏறக்குறைய 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் செல் சவ்வுகள் விறைத்துக் கசியத் தொடங்குகின்றன. சுவர் கசிந்தால் சந்திப்பு நேரத்தானே செய்யும்? எனவே இலைக் காம்புகளை ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, சமையலறையிலேயே வைத்திருப்பது நல்லது.

மூன்றாம் சந்திப்பு: வாதுமை

வாதுமை என்றதும் தெருவோரங்களில் குடைபோல் படர்ந்து நிற்கும் நாட்டு வாதுமை மரம் சிலருக்கு நினைவு வரலாம். அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பாதாம் என்று நாம் கடையில் வாங்குவதே இங்குக் குறிப்பிடும் வாதுமை. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த மரத்தின் விதை.

100 கிராம் பாதாம் பருப்பில் ஏறத்தாழ 50 கிராம் கொழுப்பும் 21 கிராம் புரதமும் இருக்கின்றன. அக்கொழுப்பில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். ஆலிவ் எண்ணெயிலும் முதன்மையானது இதுவே. பைன் கொட்டையின் கொழுப்பிலோ, பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலியிக் அமிலம் போன்றவை மிகுதி. இரட்டைப் பிணைப்பு பெருகப் பெருக, ஆக்சிஜன் தாக்குவதற்கான இடமும் பெருகும். சிக்கு வாடை விரைவில் வரும். பாதாமில் வைட்டமின் ஈ-யும் அதிகம்; அது இத்தாக்குதலைத் தடுப்பது. ஆகவே நெடுநாள் இருப்பு வைக்கப் பாதாமே ஏற்றது.

விழுதில் பாதாமின் வேலை என்ன? இலைச் சாறு நீராலானது. எண்ணெயோ நீரோடு ஒட்டாது. பருப்பின் நுண்துகள்களும் புரதமும் இடையே நின்று இரண்டையும் விரைவில் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கின்றன. விழுது கெட்டியாகவும் வழவழப்பாகவும் ஆகிறது.

இனிச் சந்திப்புக்கு வருவோம். நாம் உண்பது இனிப்பு வாதுமை. கசப்பு வாதுமை என்று ஒரு வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கசப்பு வகையில் அமிக்டலின் என்னும் பொருள் நிறைந்திருக்கிறது. பிரெஞ்சு வேதியியலார் ரொபிக்கே, பூத்ரோன்-ஷார்லார் ஆகியோர் 1830-இல் இதனைப் பிரித்தெடுத்தனர். இதன்மேல் வினைபுரியும் நொதிக்கு எமல்சின் என்று பெயர். ஜெர்மானிய வேதியியலார் லீபிக், வோலர் ஆகிய இருவரும் 1837-இல் இவ்வினையை விளக்கினர். கசப்புப் பருப்பு நசுங்கியதும் அமிக்டலினும் எமல்சினும் சேர்கின்றன. விளைவாக மூன்று பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று குளுக்கோஸ் சர்க்கரை. இரண்டாவது பென்சால்டிஹைடு, இனிப்புப் பண்டங்களில் சேர்க்கும் 'பாதாம் எசன்ஸ்' மணம் இதுவே. மூன்றாவது ஹைடிரஜன் சயனைடு! உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தமுடியாமல் தடுத்துவிடும் கொடிய நஞ்சு.

சில கசப்புப் பருப்புகளே சிறு குழந்தையின் உயிருக்கு ஊறு செய்யக்கூடும். எமல்சின் இனிப்பு வாதுமையிலும் இருக்கிறது. அதில் இல்லாதது அமிக்டலின்தான், அல்லது மிகமிகச் சிறிதளவே இருப்பது. கசப்பை இழந்த மரங்களைப் பண்டை மக்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததால்தான் இன்று நாம் பாதாமை அச்சமின்றி உண்கிறோம். அமிக்டலின் உண்டாக்கும் மரபணுக்களை இயக்கும் ஒரு புரதத்தில் ஏற்பட்ட சிறு மாற்றமே இனிப்பு வாதுமைக்குக் காரணம் என்பதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

ஆகவே உரலில் இடுவதற்கு முன், உண்பதற்கென விற்கப்படும் பருப்புதானா என்று பார்ப்பதும், வாயில் போட்டால் கடுங்கசப்புத் தோன்றினால் உடனே துப்பிவிடுவதும், அந்தப் பருப்பை ஒதுக்கிவிடுவதும் நல்ல பழக்கங்கள். பாதாம் சிலருக்கு ஒவ்வாமை தருவதும் உண்டு. பைன் கொட்டைக்குப் பதிலாகப் பாதாம் சேர்த்திருப்பதை விருந்தினரிடம் சொல்லிவிட வேண்டும்.

செய்முறை

நான்கு பேருக்கு வேண்டியவை: காம்பு நீக்கிய இலை 50 கிராம், பாதாம் 30 கிராம், பூண்டு ஒரு சிறு பல், கல்லுப்பு இரண்டு சிட்டிகை, துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டி 40 கிராம், ஆட்டுப்பாலில் செய்த பெக்கொரினோ 20 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மில்லிலிட்டர். இப்பாலாடைக்கட்டிகளைச் செய்யும்போது பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் பயன்படுகிறது. மரக்கறி உண்போர், தாவர அல்லது நுண்ணுயிர் நொதியால் திரித்த கெட்டியான கட்டியை வாங்கிக்கொள்ளலாம்.

பாதாமைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் தோல் வழன்று வரும். தோலில் துவர்ப்புப் பொருள்கள் இருப்பதால் அதனை நீக்குவது நிறத்துக்கும் சுவைக்கும் நல்லது. பருப்பை நன்கு உலர்த்தி, விரும்பினால் இளஞ்சூட்டில் வெதுப்பிக்கொள்ளலாம். வெதுப்பும்போது புரதக் கூறுகளும் சர்க்கரையும் சேர்ந்து புதிய மணங்கள் பிறக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் மையார் 1912-இல் விவரித்த வினை இது. ஆனால் சிவக்க வறுத்துவிட்டால் இலையின் மணம் அமுங்கிப்போகும்.

இலைகளைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரமில்லாமல் செய்யுங்கள். முதலில் பூண்டையும் சிறிது உப்பையும் உரலிலிட்டு மைய இடியுங்கள். பிறகு பாதாம். அது மசிந்தபின் இலைகளைச் சிறிது சிறிதாகப் போட்டு, மீதி உப்பைத் தூவி, ஓங்கிக் குத்தாமல் உரலின் பக்கவாட்டில் அழுத்திச் சுழற்றுங்கள். அப்படிச் செய்தால் இலை கிழிந்து சாறு விடும். கடினமானவற்றை முன்னும் இலையைப் பின்னும் இடுவதில் பொருளிருக்கிறது. இலை உடைந்த கணத்திலிருந்தே கறுக்கும் வினை தொடங்கிவிடுவதால், அதன்பின் செலவாகும் நேரம் குறைவாக இருக்கவேண்டும். இலை மசிந்ததும் பாலாடைக்கட்டியைச் சேர்த்து, கடைசியில் எண்ணெயை நூலாக ஊற்றிக் கலக்குங்கள்.

பாஸ்டா வெந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து விழுதைத் தளர்த்தி, அடுப்பிலிருந்து இறக்கிய பாஸ்டாவோடு கலந்து உடனே பரிமாறலாம். விழுதை மட்டும் சூடாக்கக் கூடாது. சூடாக்கினால் மணம் ஆவியாகிவிடும், பாலாடைக்கட்டியும் திரண்டுவிடும்.

எண்ணெயின் அடியில் ஓர் ஆபத்து

மீதமான விழுதைக் குப்பியில் இட்டு, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் ஊற்றி மூடிவைத்தால் காற்றுப் படாது, கறுக்காது. இது சரியே. ஆனால் அக்குப்பியை அலமாரியில் வைக்கலாமா? கூடவே கூடாது.

மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா, இடர்க்காலங்களில் கெட்டியான உறை பூண்டு வித்துருவில் கிடக்கும். மண்ணுக்குள் விளையும் பூண்டில் இவ்வித்துகள் ஒட்டியிருப்பது இயல்பு. வெறுமனே உண்டால் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் இந்தப் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே வளரும். புளிப்புக் குறைந்த, ஈரமுள்ள, வெதுவெதுப்பான, காற்றில்லாத இடம் கிடைத்தால் வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு இந்த நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றுகிறது. நிறத்தைக் காப்பதற்காக நாம் ஆக்சிஜனை விலக்கினோம். அதுவே இதற்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது.

1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் உணவகம் ஒன்றில் உண்ட 36 பேர் இந்நஞ்சால் தாக்கப்பட்டனர். எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்விக்காமல் வைத்திருந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. 1989-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேலும் மூவர் இதேபோல் நோயுற்றனர். அதன்பின், விற்பனைக்கு வரும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்க்கவேண்டும் என்று அமெரிக்க அரசு கட்டளையிட்டது. கடைப் பெஸ்டோவில் அமிலமும் வெப்பமும் வீணாகச் சேர்க்கப்படவில்லை என்று முன்னர் சொன்னோமல்லவா? காரணம் இதுதான். நிறத்தைச் சற்று இழந்து உயிரைக் காக்கிறார்கள். நம் வீட்டுப் பூண்டு ஊறுகாயிலும் எலுமிச்சைச் சாறும் புளியும் உப்பும் நிறையச் சேர்வது சுவைக்காக மட்டுமன்று. அமிலத் தன்மை பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கினால் இப்பாக்டீரியா வளராது.

இந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைத் தடுக்கிறது. முதலில் கண்ணிமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, முடிவில் மூச்சு நிற்கும். இக்குறிகள் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கொடுமை என்னவென்றால், நஞ்சு கலந்த உணவு கெட்ட வாடையோ மாறிய நிறமோ காட்டாமல் இருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் வித்துகள் சாவதில்லை. நஞ்சு கொதித்தலால் அழியக்கூடியதே. ஆனால் பெஸ்டோவை நாம் கொதிக்க வைப்பதில்லையே!

எனவே விதிகள் இவை. செய்த அன்றே உண்பது சிறந்தது. மீதியை உடனே குளிர்பதனப் பெட்டியில், 4 டிகிரி அளவில் வைத்து மூன்று நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நெடுநாள் வேண்டுமானால் பனிக்கட்டித் தட்டுகளின் குழிகளில் நிரப்பி உறைநிலைப் பெட்டியில், பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கலாம். பச்சை இலைக்குக் குளிர் ஆகாது என்றோம். இடித்த விழுதுக்கோ குளிர் கட்டாயம். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடங்களில், மீதம் வராத அளவுக்குச் செய்வதே அறிவுடைமை.

நீங்களே செய்து பாருங்கள்

திருநீற்றுப்பச்சை இலைகள் பத்துப் பன்னிரண்டும் நான்கு சிறு கிண்ணங்களும் இருந்தால் இதனைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். முதற் கிண்ணத்தில் நசுக்கிய இலையை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் நசுக்கிய இலையை எண்ணெயால் மூடுங்கள். மூன்றாவதில் நசுக்கிய இலைமேல் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நான்காவதில், பத்து நொடி கொதிநீரில் போட்டெடுத்துக் குளிரவைத்த பின்னர் நசுக்கிய இலையை வையுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன் கொதிநீரைக் கையாளுங்கள். அரைமணிக்கு ஒருமுறை நிறத்தைக் குறித்து வாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள். எந்தக் கிண்ணத்தில் எவர் வரவு தடுக்கப்பட்டது—நொதியா, ஆக்சிஜனா—என்று எழுதி, நிற மாற்றத்தோடு ஒப்பிடுங்கள். திருநீற்றுப்பச்சை கிடைக்காவிட்டால் வாழைக்காய்த் துண்டுகளைக் கொண்டும் செய்யலாம். சோதனை முடிந்ததும் கிண்ணங்களில் உள்ளவற்றை எறிந்துவிடுங்கள், உண்ண வேண்டாம்.

அடுத்த முறை வீட்டில் துவையல் அரைக்கும்போது அம்மியருகே சற்று நின்று பாருங்கள். எந்தப் பொருளை முதலில் வைக்கிறார்கள், உப்பையும் புளியையும் எப்போது சேர்க்கிறார்கள் என்று கேட்டு, அதற்கான காரணத்தை நீங்களே ஆராயுங்கள்.